பேச்சுத் திறன் போதாது

"உன் கை நன்றாக வேலை செய்கிறது. வாய்தான் பிரச்சினை. பேச்சுத் திறன் போதாது."

எங்கள் பயிற்சி ஆசிரியை இதை ஆங்கிலத்தில், என்னுடன் படிக்கிறவர்கள் முன்னாலும் நோயாளிகள் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். அன்று காலையிலிருந்து அந்த மறுவாழ்வு மையத்தில் அதிகம் பேசியது நான்தான். பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன ஒரு தமிழ் அம்மாவுக்கு, மற்றவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் தமிழில் சொல்லி, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லித் தொண்டை வறண்டுபோய் நின்றேன். அந்தத் தொண்டைக்குத்தான் மதிப்பெண் இல்லையாம்.

நான் கோவில்பட்டிக்காரி. பிசியோதெரபி படிக்க மலேசியாவில் ஜொகூருக்கு வந்தேன். கெலாங் பாத்தா பக்கம் ஒரு தனியார் கல்லூரி. "எல்லாமே இங்கிலீஷ்தாம்மா, மலாயெல்லாம் தேவையே இல்ல" என்று சேர்த்துவிட்ட ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பாடத்தைச் சுற்றி நடந்த மற்றதெல்லாம் மலாயில் நடந்தது. வகுப்பே சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவளிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்பேன். "நாட் இம்பார்ட்டன்ட் லா" என்பாள். அந்த "லா" அங்கே எல்லாப் பேச்சுக்கும் வால். எனக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று ஆளாளுக்கு முடிவு செய்தார்கள். ஒருமுறை அப்படி முக்கியமில்லாமல் போனது, செய்முறைத் தேர்வை ஒரு நாள் முன்னுக்குக் கொண்டுவந்த அறிவிப்பு. நான் கேன்டீனில் நாசி லெமாக், அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தேர்வு அறையில் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். "எல்லாருக்கும் சொன்னேனே" என்றார் விரிவுரையாளர். அவருடைய எல்லாரில் நான் இல்லை.

தமிழாவது கைகொடுக்கும் என்று நினைத்திருந்தேன். என் அறைத்தோழி ஜொகூரிலேயே லாயாங் லாயாங் என்ற ஊரைச் சேர்ந்த தமிழ்ப் பெண். முதல் நாள் காலையில் "பசியாறிட்டியா?" என்றாள். எனக்குப் பசிக்கவே இல்லையே, எப்படி ஆறும் என்று முழித்தேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு அங்கே அதுதான் கேள்வி. "உனக்கும் தாப்பாவ் பண்ணவா?" என்றாள். பார்சல் வாங்கி வரவா என்று கேட்கிறாள் என்பது அவள் பையோடு திரும்பி வந்தபிறகுதான் புரிந்தது. நான் பேச ஆரம்பித்தாலோ, "சினிமாவுல பேசற மாதிரியே பேசற" என்று சிரிப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நான் பேசுறதுதான்டி தமிழ்!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. "இத என்கிட்ட நெறைய பேரு சொல்லிட்டாங்க," என்றாள். "மலாய்க்குச் சொன்னாங்க, இங்கிலீஷுக்குச் சொன்னாங்க. இப்ப தமிழுக்கு நீ வந்துட்ட."

அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது மலாய் போதவில்லை என்று சொல்லி, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் வயது மலாய்க்காரப் பிள்ளைகள் நேராக முதல் படிவத்துக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, போனார்கள். கணக்கில் அந்த வட்டாரத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "கணக்குக்கு என்னா மொழி லா?" என்று என்னிடம் கேட்டாள். நான் கத்தியது தப்பான ஆளிடம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போகாமல் அறையிலேயே உட்கார்ந்து, எங்களைத் திருத்திய எல்லாரையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தோம்.

அவளைத்தான் மலாய் சொல்லித்தரக் கேட்டேன். "வணக்கம், நலமா எல்லாம் வேண்டாம். வலிக்கான வார்த்தைங்கள சொல்லிக்குடு" என்றேன். சாக்கிட் என்றால் வலி. கெபாஸ் என்றால் மரத்துப்போவது. லெங்ஙோ என்றால், எங்கள் ஊரில் கால் உளையுது என்போமே, அந்த உளைச்சல். முட்டியை மடக்கச் சொல்ல, மூச்சை இழுத்துவிடச் சொல்ல, மெதுவாக எழுந்திருக்கச் சொல்லப் பழகினேன். அவள் கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொண்டு, முனகி முனகி, சொற்களைப் பாதி விழுங்கிப் பேசுவாள். எனக்குப் புரியாது. "அலமாக்! வயசானவங்க புத்தகம் மாதிரி பேசுவாங்களா? திரும்பக் கேளு!" என்பாள். சந்தைக்குப் போனால் வாயையே திறக்க மாட்டாள், நான்தான் வாங்கவேண்டும். ஒருமுறை மீன்காரரிடம் மீன் நல்ல மீனா என்று கேட்கப்போய், மீனுக்கு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் மீனைத் தொட்டுப் பார்த்து, இப்போது வலிக்கவில்லை என்றார்.

அப்புறம்தான் பயிற்சிக்காக அந்த மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அறைத்தோழி வேறு குழுவில் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எங்களுக்கு வாய்த்த ஆசிரியைக்குத் தமிழ்ப் பெயர். ஆனால் தமிழ் பேச வராது. அது அவர் குற்றமில்லை, வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி யார் வந்தாலும், "இந்தியா கேர்ள், கம்!" என்று கை தட்டிக் கூப்பிடுவார். நான் என் நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடவேண்டும். திரும்பி வருவதற்குள் என் நோயாளியை வேறு யாராவது முடித்து அனுப்பியிருப்பார்கள். மற்றவர்கள் கையால் தொட்டுப் பழகிய நேரத்தில் நான் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

மதிப்பீட்டு நாள் வந்தது. ஆளுக்கொரு நோயாளி. அந்தத் தமிழ் அம்மாவை எனக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்தது எங்கள் குழுவில் இருந்த ஒரு சீன வகுப்புத் தோழிக்கு. எனக்கு வந்தவர் பொந்தியான் என்ற ஊரைச் சேர்ந்த வயதான மலாய் மீனவர். சரி, பழகியதைக் காட்டலாம் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் என் முறை வருவதற்கு முன்னால், "இந்தியா கேர்ள், கம்!" என்ற குரல் வந்தது. தோழியின் தேர்வுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். அவள் கேட்டதைத் தமிழில் சொன்னேன், அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா பயந்தபோது கையைப் பிடித்து அமைதிப்படுத்தினேன். பேச்சுத் திறனில் தோழிக்கு நல்ல மதிப்பெண்.

பிறகு என் தேர்வு. "பாச்சிக்" என்று மரியாதையாக அழைத்து, எங்கே வலிக்கிறது என்று மலாயில் கேட்டேன். வலியில்லை, படகிலிருந்து இறங்கி நடந்தால் லெங்ஙோ என்றார். எந்தக் காலில், எந்த நேரத்தில் என்று கேட்டேன். மடக்கச் சொன்னேன், மடக்கினார். நீட்டச் சொன்னேன், நீட்டினார். முடிந்ததும் ஆசிரியை அவரிடம், இந்தப் பெண் பேசியது புரிந்ததா என்று கேட்டார். "புரிந்தது. ஏன் புரியாது?" என்றார் பெரியவர், மலாயில். அதற்கப்புறம்தான் ஆசிரியை என்னிடம் திரும்பி, பேச்சுத் திறன் போதாது என்றார்.

"மிஸ், அவருக்குப் புரிந்ததாம்."

"அவர் மரியாதைக்குச் சொல்கிறார். உன் உச்சரிப்பு சரியில்லை."

கண்ணில் தண்ணீர் முட்டியது, துக்கத்தில் அல்ல. அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அறைத்தோழி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, துறைத் தலைவர்கிட்ட போவோம். கோவமா பேசு. ஆனா அழுதிராத, அப்புறம் தண்ணி குடுத்து அனுப்பிச்சிருவாங்க."

துறைத் தலைவர் அமைதியானவர். "நீ கொஞ்சம் நிதானமாக யோசிக்கவேண்டும்" என்றார். எனக்குக் கோபம் மேலும் ஏறியது.

"சார், நான் பேசத் தெரியாதவள் என்றால் காலையில் எதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்? இன்னொரு தேர்வை என் வாயால் நடத்திவிட்டு, என் தேர்வில் வாய் சரியில்லை என்றால் என்ன நியாயம்?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. சீனத் தோழி. நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை. மேசை முன்னால் வந்து நின்று, "எனக்குப் போட்ட மதிப்பெண் அவளுடையது. அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கும் மறுபடி தேர்வு வையுங்கள்" என்றாள். நான் அவளோடு அதுவரை பத்து வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

இருவருக்கும் மறுதேர்வு என்று முடிவானது. "இதை ஒரு சலுகையாக எடுத்துக்கொள்" என்றார் தலைவர். "சலுகை வேண்டாம் சார், தவறு நடந்தது என்று சொல்லுங்கள்" என்றேன். அதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

மறுதேர்வுக்கு வேறொரு ஆசிரியர் வந்தார். நோயாளி ஒரு சீன மூதாட்டி. அவருடைய மலாய் என்னுடையதைவிட மோசம். இருவரும் உடைந்த மலாயில், கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, எல்லாவற்றையும் பேசி முடித்தோம். நான் சொல்லாமலே அவர் கடைசியில் ஒரு தடவை அதிகமாக முட்டியை மடக்கிக் காட்டினார். தேறிவிட்டேன். தோழியும் தேறினாள், இந்த முறை அவள் சொந்த வாயால்.

பழைய ஆசிரியை எதுவும் நடக்காததுபோல் இருந்தார். தமிழ் அம்மா அடுத்த தடவை வந்தபோது, மறுபடியும் அதே கைதட்டல், அதே "இந்தியா கேர்ள்". போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். போனேன்.

"அன்னிக்கு இவங்க உன்ன என்னமோ சொன்னாங்களே, என்னா சொன்னாங்க?" என்று அம்மா கேட்டார். வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் குழறின. மறைக்காமல் அப்படியே தமிழில் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறியது. "நான் சொல்றத இவங்ககிட்ட சொல்லு. ஒரு வார்த்த கொறைக்கக்கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இந்தப் புள்ள வர்றதுக்கு முன்னாடி நீங்க என் கைய தூக்குனீங்க, எறக்குனீங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நான் என்னா, கிலாங்ல ஓடற மெசினா? என் கைக்கு என்னா ஆச்சுன்னு இவ சொல்லித்தான் எனக்கே தெரியும். பேச்சு போதாதா? யாருக்குப் போதாது?"

கிலாங் என்றால் தொழிற்சாலை. அம்மா அங்கே வேலை பார்த்தவர். ஆசிரியை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நிமிர்ந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னேன். மெசினையும் விடவில்லை. ஆசிரியையின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பயிற்சி எதற்காக என்று முதல்முறையாக ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்த நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உச்சரிப்பு சரியில்லை. இரண்டு முறை திருத்தினேன்.