தண்ணீர் ஊற்றாத கை

எனக்குக் கைராசி கிடையாது. இதை நான் சொல்லவில்லை, எங்கள் குடும்பமே சொல்கிறது. நான் வைத்த கறிவேப்பிலை கருகியது. ரோஜா மொட்டோடு காய்ந்தது. ஒடித்து எறிந்தாலே துளிர்க்கிற முருங்கைக் கொம்புகூட நான் ஊன்றியதும் நின்ற இடத்திலேயே விறகானது. அண்ணன் இதை விருந்தாளிகளுக்கு எல்லாம் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடவே சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் எரியும். ஒரே ஒரு செடி என் கையில் பிழைத்துவிட்டால் போதும், இவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு சேவை மையத்தில், வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு பௌர்ணமி மாலை கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலை தாண்டி ஒருவர் சின்னச் சின்னத் தொட்டிகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலச் செடி. தடித்த இலைகள் சுற்றிச் சுற்றி அடுக்கி, மொத்தமும் பச்சை ரோஜாப்பூ போல இருந்தது. இலை நுனிகளில் மட்டும் மருதாணி வைத்த மாதிரி சிவப்பு. சக்குலென்ட் என்றார். எப்படி வளர்ப்பது என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதீங்க. வெளிச்சத்துல வைங்க, மண்ணு நல்லா காஞ்ச பிறகு கொஞ்சமா தண்ணி ஊத்துங்க. ஜாஸ்தி கவனிச்சா செத்துடும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. இத்தனை வருடம் கோளாறு என் கையில் இல்லை, எனக்கேற்ற செடிதான் கிடைக்கவில்லை!

மிச்சத் தூரம் முழுக்க அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக் கூட்டம் விலகி வழி விட்டது. ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் செடிக்கு அந்த மரியாதை தகும் என்றுதான் தோன்றியது.

மலை தெரிகிற ஜன்னலில் வைத்தேன். ஒரு வாரம் போனது, சாகவில்லை. ஒரு மாதம் போனது, சாகவில்லை. நடுவில் கடுகளவு புது இலை வந்த அன்று சேவை மையத்துக்குத் தாமதமாகப் போனேன், அதைப் பார்த்துக்கொண்டே நின்றதால். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பிளாஸ்டிக்கா என்று கேட்டான் அண்ணன். போகட்டும், பொறாமை.

அப்புறம் அம்மா முழங்கால் வைத்தியத்துக்கு வந்து என்னோடு தங்கினாள். அவளுக்கு அந்தச் செடியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வாயில்லா ஜீவனை இப்படிப் பட்டினி போடுவார்களா என்றாள். நான் விளக்கமாகச் சொல்லி, தொடவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அம்மா நன்றாகத் தலையாட்டினாள்.

முதலில் செடி கொழுகொழுவென்று ஆனது. என் கைராசியை எண்ணி நானே பூரித்துப் போனேன். பிறகு அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாக வந்தன. ஒரு சாயங்காலம் பதறிப் போய்த் தூக்கினேன். தண்டு கறுத்து அழுகி, செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நான்தான்டி ஊத்துனேன்," என்றாள் அம்மா. "அரிசி கழுவுன தண்ணி. தெனமும்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஏனென்றால் கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவின் கை என்றால் அப்படி ஒரு பெயர். யார் நிலத்தில் விதைப்பு என்றாலும் முதல் விதை போட அவளைத்தான் வந்து அழைத்துப் போவார்கள். அந்தக் கை கொன்றிருக்கிறது, நான் காப்பாற்றிய செடியை! குழுவில் போட்டால் அண்ணன் அப்புறம் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டான். போனை எடுத்தேவிட்டேன்.

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கை போச்சாடி?" என்று கேட்டாள்.

அடிக்க ஆரம்பித்ததை அழித்தேன். 'செடி செத்துடுச்சு, வழக்கம் போல என் கைதான்' என்று குழுவில் போட்டேன். அண்ணன் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுகாத மேல் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஒரு எவர்சில்வர் தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் வைத்தேன். இலையிலிருந்தே செடி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் தட்டைத் தாண்டும்போதெல்லாம் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு போவாள், தன்னையறியாமல் ஊற்றிவிடுவோமோ என்ற பயத்தில். ஒரு நாள் அவள்தான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். ஓர் இலையின் அடியில் நூல் போல இளஞ்சிவப்பு வேர், அதன் மேல் மிளகளவு ரோஜா. பக்கத்து இலையிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். நான் வீடு முழுக்கக் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்னவென்று கேட்டார், அவருக்கும் காட்டினேன்.

முழங்கால் தேறி அம்மா ஊருக்குப் போனாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை போன் செய்தாள்.

"பஸ் ஏறி வா. நம்ம நிலத்துல மல்லாட்ட போடறோம். மொத வெத நீதான் போடணும்."

நிலக்கடலைக்கு முதல் விதையா, எனக்குத்தான் ராசி கிடையாதே என்றேன்.

"ஒரே ஒரு மழை பெஞ்சிருக்கு, அதோட சரி. அடுத்தது வருமா வராதானு தெரியல. தண்ணி இல்லாம வளக்கற கைதான் இப்ப வேணும். நல்லா மழை பெய்யற வருஷத்துல நான் போட்டுக்கறேன்."

வேலைக்கு லீவு சொன்னேனா என்றுகூட நினைவில்லை. நிலத்தில் இறங்கியபோது அண்ணன் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அம்மா என் துப்பட்டாவில் விதைக்கடலையைக் கொட்டினாள். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அப்படியே குனிந்து, உழுத சாலில் முதல் விதையைப் போட்டேன்.