ஒன்று போட்டுப் பார்த்தால் சரி

"லைன் வூட்டுப் பொண்ணு நீ. உங்க வூட்ல ஒருத்தர்கூட ஸ்கூல் பக்கம் போனதில்ல. பத்தாங்கிளாஸ் அல்ஜிப்ரா நீ எடுத்தா பசங்க பாஸ் ஆவணுமே, இன்னாம்மா பண்றது?"

பங்காருபேட்டை டியூஷன் சென்டர் உரிமையாளருக்கு, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்த என்மேல் இருந்த அக்கறை இது. பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய எனக்கு அவர் பெரிய மனதோடு கொடுத்தது ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு. அதுபோக, பின் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்தும் பாக்கியம். நான் கேட்டதோ பத்தாம் வகுப்பு.

அவர் பாடம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடக்கும். ஊரிகம், சாம்பியன் ரீப்ஸ் என்ற சுரங்க ஊர்களின் பிள்ளைகள் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்: x இருக்கும் இடத்தில் ஒன்று போடு, இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் மூட்டையைக் கட்டு.

அன்று பலகையில் 2/x + 3/(x+1). பொதுப் பகுதி x(x+1). தொகுதி 2(x+1) + 3x, அதாவது 5x+2. இதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ரயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேலே 5x-இல் இருந்த x-ஐயும் கீழே இருந்த x-ஐயும் அடித்தார். மேலே மிஞ்சியது 5+2. விடை 7/(x+1). கூட்டலில் ஒரு உறுப்பிலிருந்து மட்டும் x-ஐப் பிய்த்து அடிக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான்.

வாய் திறந்தால் வாய்ப்பாடும் போய்விடலாம். திறந்தேன்.

"சார், அந்த x அடிபடாது."

"ஒண்ணு போட்டுப் பாரும்மா. கேள்வியில மூணரை, பதில்லயும் மூணரை. இன்னும் இன்னா வேணும்?"

"மிஸ்ஸுக்கு மூணரை பத்தலியாம் சார்," என்றாள் முன்பெஞ்சு மாணவி. வகுப்பே சிரித்தது.

"ரெண்டு போடுங்க சார்."

போட்டார். கேள்வியில் இரண்டு வந்தது. அவர் விடையில் 7/3. x ஒன்றாக இருந்தால் அதை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மதிப்பு மாறாது. அந்தக் குறுக்குவழி இத்தனை நாள் அவர் மானத்தைக் காத்தது அப்படித்தான். நான் (5x+2)/(x(x+1)) என்று எழுதி, இரண்டைப் போட்டேன். 12/6. இரண்டு.

"ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க," என்றார். ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

பிள்ளைகள் போனபின் சாக்பீஸை என் பக்கம் தள்ளினார். "ஒரு மாசம் பத்தாவது எடுத்துப் பாரு. டீச்சர் வேலைக்கு நீ லாயக்கான்னு அப்புறம் சொல்றேன்."

எவ்வளவு பெருந்தன்மை. அவர் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் பி.எட். விண்ணப்பத்தை அதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்பியிருந்தேன்.