பின் சீட்டில் ஒரு பெருமூச்சு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோன ஒரு மனிதர் என் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து இன்ஹேலரைத் திருப்பிக் கேட்கிறார் என்று முழுமனதாக நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில்... பட்டப்பகலில்!

கார் செகண்ட்ஹேண்ட். டீசல். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்காரர் விற்றார். அவருடைய அப்பாவின் வண்டி. அப்பா ஆஸ்துமாக்காரர், காலமாகிவிட்டார். என் மனைவி ராஜத்திடம் இதைச் சொல்வேனா? "ஓனர் துபாய் போயிட்டாரு" என்றேன். துபாயைவிடக் கொஞ்சம் தூரம் – அவ்வளவுதானே?

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு நீல இன்ஹேலர் கிடைத்தது. ராஜம் பார்ப்பதற்குள் குப்பையில் போட்டேன். பிறகு பானெட்டைத் திறந்து, திறக்க முடிந்ததையெல்லாம் திறந்து, துடைத்து, சந்தனம் வைத்தேன். பக்தியில் குறையே வைக்கவில்லை.

ஞாயிறு காலை இருவரும் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம். நகரத்து ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வித்துரா தாண்டி ஏற்றம் தொடங்கியதும், ஏ.சி.யை அணைத்து ஜன்னலை இறக்கினேன். முதல் ஹேர்பின் வளைவு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

"ஹ்ஹூஷ்ஷ்..."

முன்னாலா, பின்னாலா? பயந்த காதுக்குத் திசை தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட் காலி. அது காலியாக இருந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வளைவிலும் அதே மூச்சு. மிதித்தால் மௌனம், காலை எடுத்தால் பெருமூச்சு. யாரோ அடக்கி அடக்கி வைத்திருந்து விடுவதுபோல. மேலிருந்து மூடுபனி இறங்கி, கண்ணாடி வெளுத்துப்போனது.

"என்னங்க... பின்னாடி யாரோ மூச்சு விடுத மாரி இல்ல?" என்றாள் ராஜம்.

"காத்து."

"ஒரு இலைகூட அசையல்லியே!"

பொய் சொல்லி வாங்கிய வண்டியில் எந்தச் சத்தமும் வெறும் சத்தமாக இருப்பதில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. காலை எடுத்தால்தானே மூச்சு? எடுக்கவே மாட்டேன்!

"என்னத்துக்கு இப்பிடிச் சவிட்டுதீய? வளைவு வருது!"

வளைவு வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸும் வந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். பஸ்ஸின் விளக்குகள் ஒரு முழத் தூரத்தில். என் காருக்குள் அன்றைய தினத்தின் மிக நீண்ட பெருமூச்சு...

பஸ் டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் கத்தினார். "எடோ, சாகான் எறங்கியதாணோ?"

ஏற்கெனவே ஒருவர் செத்ததால்தான் இந்த நிலைமை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ராஜத்திடம் சொன்னேன்.

"அந்த ஓனரு துபாய் போகல்ல ராஜம். செத்துப்போனாரு. மூச்சுமுட்டு. அவருக்க இன்ஹேலர நான்தான் குப்பையில போட்டேன்!"

ராஜம் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"செத்தவரு ஒண்ணும் செய்யல்ல. உயிரோட இருக்க நீங்கதான் இப்ப ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தீய."

வண்டியைத் திருப்பி, பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வித்துரா வந்தோம். வழியெல்லாம் அவள் என்னையே முறைத்துக்கொண்டு வந்தாள். பின் சீட்டுக்காரரே தேவலை என்று தோன்றியது.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் ராஜம் பேய்க் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை முறுக்கச் சொன்னார். கேட்டார். சிரித்தார்.

"பேயொந்நும் அல்ல சேட்டா. டர்போவாணு."

விஷயம் இதுதான். மிதிக்கும்போது டர்போவின் விசிறி படுவேகமாகச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. காலை எடுத்தால் எஞ்சினுக்கு அவ்வளவு காற்று வேண்டாம்; ஆனால் விசிறி உடனே நிற்காது. போக வழியில்லாத காற்று, வந்த வழியே திரும்பி மூச்சு விடுகிறது. எல்லா டர்போ வண்டியும் கொஞ்சம் விடும். ஏர் ஃபில்டர் பெட்டி மூடியிருந்தால் வெளியே அவ்வளவாகக் கேட்காது.

"இந்தப் பெட்டி ஆரு தொறந்நு?" என்று மூடியைத் தூக்கினார்.

உள்ளே, ஃபில்டரின் நடு நெற்றியில், காய்ந்த சந்தனப் பொட்டு.

ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டியைத் திறந்தது நான். மூடியின் இரண்டு கிளிப்பையும் மாட்டாமல் விட்டதும் நான்தான்.