எதிர்த் தொட்டிலில் அம்மா

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பெரிய சாலையில் யாரோ ஒரு லோரியை எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். மற்ற பிள்ளைகள் தோட்டத்து லோரியில் அதே சாலை வழியே கோலசிலாங்கூர்ப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அம்மாவின் பிடிவாதம் அப்படி. எனக்கும் அதுதான் வாய்த்திருக்கிறது. அவள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனது ஆற்றுப் பக்கம். அந்தச் சாலையைப் பற்றிப் பிறர் பேசிக் கேட்டதோடு சரி.

அந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு முஸ்லிம் நானா தொட்டில் ராட்டினம் கொண்டுவந்தார். நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய வாப்பா கப்பலில் ஏற்றிவந்ததாம். நான்கு மரத் தொட்டில்கள், கையால் சுற்ற வேண்டும். முன்பெல்லாம் ராத்திரியில் விளக்குப் போட்டுச் சுற்றிய ராட்டினம், ஊரடங்கினால் பட்டப்பகலில் சுற்றியது. எதிரெதிர்த் தொட்டில்களில் எடை ஒத்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் வைப்பதற்கு மணல் மூட்டைகள் வைத்திருந்தார். கேட்டில் காவலர்கள் காட்டில் இருப்பவர்களுக்குக் கடத்தும் அரிசியோ என்று கம்பியால் குத்திக் குத்திப் பார்த்ததில் எல்லா மூட்டையும் பொத்தலாகி மணல் ஒழுகிப்போயிருந்தது.

நானும் தம்பியும் ஒரு தொட்டிலில் ஏறிவிட்டோம். எதிர்த் தொட்டில் காலி. பெண்கள் வெட்கப்பட்டு நழுவினார்கள். நானா அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க ஒரு ஆளு உக்காந்தா போதும்லா, ரெண்டு புள்ளைக்கும் சரியாப் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதல் சுற்று முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ராட்டினம் நின்றபோது நாங்கள் கீழே, அம்மா உச்சியில். இறக்கட்டுமா என்று நானா கேட்டார். கொஞ்சம் இருங்க என்றாள். லயத்துக் கூரைகளுக்கு அப்பால், இடுப்பளவு ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அந்தச் சாலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் லோரி திரும்பும் நேரம். தூரத்து வளைவிலிருந்து கேட் வரைக்கும் கண் எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டே நின்ற நானாவுக்குக் கை கடுத்துப்போயிற்று.

இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நாளைக்கு நீ லோரி ஏறு."