அங்கவடிக்கு எத்தனை புரி?

பழவேற்காட்டுக் கடற்கரையில் குதிரைச் சவாரிக்கு ஆசைப்பட்டு மணலில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வைத்து ஏறும் அங்கவடியின் தோல்வார், நான் ஏறும்போதே தையல் விட்டுவிட்டது. குதிரை என் பக்கம் திரும்பவே மறுக்கிறது.

குதிரைக்கார பாய் படகு நிழலில் அமர்ந்து பருத்தி நூலுக்கு மெழுகு தேய்க்கிறார். பக்கத்தில் வலை பின்னும் நைலான் கண்டு கிடக்கிறது.

“அதுல தைங்க பாய், அறவே அறாது.”

“அதான் சார் வம்பே. நீ வுழுந்து கால் மாட்டிக்கினா, குதிரை முகத்துவாரம் வரிக்கும் இழுத்துனு பூடும். நூலு அறுந்தா நீ மண்ணுல வுழுறதோட பூடும்.”

“இப்பவும் அறுந்துச்சே?”

“வுழச்சொல்ல அறுவணும் சார். நீ ஏறச்சொல்லவே அறுத்துட்டியே!”

மூன்று புரிகளை முறுக்குகிறார். என் தொப்பையைப் பார்க்கிறார். நான்காவதையும் சேர்க்கிறார். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக நுழைத்து இழுக்கிறார். தையல் அழகாகத்தான் விழுகிறது. நான் புரிகளை மறுபடி எண்ணுகிறேன்.

“பாய், நான் விழுந்தா நாலு புரி அறுந்துடுமா?”

“வுழுந்து பாத்தாதானே சார் தெரியும்!”

கால்விரல் நுனியை மட்டும் அங்கவடியில் வைத்து ஏறுகிறேன்.