மூன்று சுழியும் மூடிய கண்ணும்

போன மாதம் ஒரு சாயங்காலம், கீழ்வீட்டு நஸ்ரின் என்னைக் கூப்பிட்டாள். கணவர் துபாயில். மகள் அஃப்ரா ஒன்றாம் வகுப்பு.

"இவளுக்கு எதுவுமே ஏற மாட்டேங்குதுக்கா. கிளாஸ்ல வாயே திறக்கலையாம். இவ வாப்பா துபாய்லருந்து போன்ல கேக்குறப்ப நான்தானே பதில் சொல்லணும்? கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். புத்தகம் விரித்திருந்தது. நஸ்ரின் கையில் ஸ்கேல். "ண" மேல் அதை வைத்து, "இது என்ன எழுத்து?" என்றாள்.

அஃப்ரா எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்கேலையே பார்த்தாள்.

"பாத்தீங்களா? நேத்துதான் சொல்லிக் கொடுத்தேன்."

"எனக்கு ஒரு டீ போடேன்" என்று அவளை எழுப்பி அனுப்பினேன்.

"இப்ப சொல்லுடா."

"ன..."

சொல்லிவிட்டு, தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடிக்காகக் காத்திருந்தாள். அடிக்க அங்கே யாருமே இல்லை!

"கிட்ட வந்துட்டே. சுழிய எண்ணிப் பாரு."

ஒரு கண் மெல்லத் திறந்தது. விரல் வைத்து எண்ணினாள். "மூணு சுழி... ண."

அதற்குள் நஸ்ரின் டீ டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். மூடிய கண்ணையும் பார்த்திருக்கிறாள்.

"நானும் அடி வாங்கித்தானேக்கா படிச்சேன்" என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

"எதுவரைக்கும்?"

"ஒம்பதாவது."

"அப்புறம்?"

டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "வாய்ப்பாடு தப்பாச் சொன்னா வாப்பா பெல்ட்டை எடுப்பாங்க. கணக்குப் பரீட்சைன்னாலே படிச்சதெல்லாம் மறந்துடும். ஃபெயிலாயிட்டேன்... நிறுத்திட்டாங்க."

நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாளே.

பயந்த பிள்ளையின் மூளைக்கு ஒரே வேலைதான் — அடுத்த அடி எப்போது விழும் என்று கவனிப்பது. அதற்கு நடுவே சுழியை எப்படி எண்ணும்? அடித்தால் படிப்பு வரும் என்பவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வேன்... வராது. வந்த படிப்பும் ஓடிவிடும்.

நஸ்ரினுக்கு அடிக்கும் பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. நடுவில் ஒருநாள் மாடியேறி வந்து, "இன்னைக்கும் கை ஓங்கிட்டேன்க்கா" என்று அழுதாள். ஓங்கிய கையை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது.

நேற்று மூவரும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். எதிரே வந்த பஸ்ஸின் போர்டை அஃப்ரா கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக வாசித்தாள்.

"திரு... நல்... லாறு."

"நல்லாறு இல்லம்மா, நள்ளாறு" என்றாள் நஸ்ரின்.

"ஏன் உம்மா, நல்ல ஆறுதானே? அப்ப கெட்ட ஆறு எங்க இருக்கு?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் எங்கள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

அடிக்காமல் வளர்ப்பதில் இந்த ஒரு சிரமம் உண்டு... பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள்.