ஏறிய எல்டிஹெச்சும் பிலோமினாவின் பாதங்களும்

1. கவுண்டரில் நின்ற அந்தோணி

எங்கள் விழுப்புரம் லேபில் ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போய்விடுவார்கள். முகையூர் அந்தோணி அப்படிப் போகவில்லை. கவுண்டரிலேயே பிரித்துப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், எல்டிஹெச் தடிச்ச எழுத்துல போட்டிருக்குதே. திரும்ப வந்துடுச்சா?"

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய மனைவி பிலோமினா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வந்தவளுக்கு அது லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய், என்று தெரிந்தது. புதுச்சேரியில் கீமோ முடித்துவிட்டு, விழுப்புரம் டாக்டரின் கண்காணிப்பில் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க எங்களிடம் வருவாள்.

எல்டிஹெச் என்பது நம் செல்களுக்குள் இருக்கும் ஒரு என்சைம். செல் உடைந்தால் ரத்தத்தில் கலந்துவிடும். லிம்ஃபோமா வேகமாகப் பெருகும்போது இது ஏறும். சிகிச்சை தொடங்கும் முன்னால் இது எவ்வளவு இருக்கிறது என்பதை, வயது, நோய் பரவியிருக்கும் இடங்கள் இவற்றோடு சேர்த்துப் பார்த்துத்தான் நோயாளி எப்படித் தேறுவார் என்று டாக்டர்கள் கணிக்கிறார்கள். பிலோமினாவுக்கு அப்போது அது மிக அதிகம். சிகிச்சையில் படிப்படியாக இறங்கியது. அதனால் அந்த வீட்டில் எல்டிஹெச் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். இப்போது மறுபடி ஏறியிருந்தது; அளவைத் தாண்டியதால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்திருந்தது.

"அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க. செத்த உக்காருங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்ன கையோடு பிலோமினாவின் ட்யூபைத் தேடி உள்ளே ஓடினேன்.

2. செருப்பு கடித்த கதை

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் முதலில் சாம்பிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் எல்டிஹெச் பொய்யாக ஏறும், ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் தெளிநீரான சீரமும் சிவந்து இருக்கும். ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளி சிவப்பு இல்லை. மெஷினைச் சோதிக்க ஓட்டும் கன்ட்ரோல் சாம்பிளும் சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினேன். அதே எண்தான் வந்தது.

அன்று திண்டிவனத்திலிருந்து நான் வரும் ட்ரெயின் லேட். காலையில் ரத்தம் எடுத்தது வேறு டெக்னீஷியன். அதனால் பிலோமினாவை நான் அதுவரை பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. காலில் புருஷனுடைய பெரிய ரப்பர் செருப்பு. விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

"கால்ல இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா. செருப்பு கடிச்சிடுச்சு."

"எங்க, தூக்கிக் காட்டு." காட்டினாள். பாதம் முழுக்கக் கொப்புளம். "ஏம்மா, உங்க ஊர்ல செருப்பு அடிப்பாதத்தையா கடிக்கும்?"

அவள் அந்தோணியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, திட்டுவாரு. கீமோ ஏறும்போது வேண்டிக்கினேன், பொழைச்சு எழுந்தா நடந்தே வர்றேன்னு. எங்க ஊர்லேர்ந்து கும்பல் போச்சு. அதோட வேளாங்கண்ணி வரைக்கும் நடந்துக்கினே போனேன். இவரும்தான் கூட வந்தாரு. நேத்துதான் பஸ்ல திரும்பினோம்."

"இவ்ளோ தூரம் நடந்துட்டு, காலையிலேயே ரத்தம் குடுக்க வந்துட்டியா?"

"இன்னிக்குதானக்கா வரச் சொல்லியிருந்தாங்க?" என்றவள் குரல் உடைந்தது. "நன்றி சொல்லிட்டு வரதுக்குள்ள மாதா நோயைத் திரும்ப குடுத்துட்டாங்களாக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, வேளாங்கண்ணி வரைக்குமா!" என்றார் டாக்டர். "உடம்புல ஒரு தசை பாக்கியிருக்காதே. இருக்கிற சீரத்துலயே சிகே பாத்துடுங்க. அப்புறம் ரெண்டு பேரையும் இங்க அனுப்புங்க."

சிகே தசையிலிருந்து வரும் என்சைம். தசை அடிபட்டால் ஏறும், எல்டிஹெச்சையும் கூடவே ஏற்றிவிடும். பிலோமினாவின் சிகே எக்கச்சக்கமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பிவந்தது. ஆனாலும் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். உடைந்த தசை சிறுநீரகத்தைத் தாக்கலாம், அதனால் சிறுநீர் கறுத்துப் போனால் உடனே வரச் சொன்னார். மூன்று வாரம் ஓய்வெடுத்த பிறகு மறுபடி ரத்தம் பார்க்கலாம், அதுவரை எதையும் முடிவு கட்ட வேண்டாம் என்றார்.

"நேர்ந்துக்கினதைத் தப்புன்னு சொல்லல. என்கிட்ட மறைச்சதுதான் தப்பு" என்று திட்டினாராம். திட்டு வாங்கியதை அந்தோணி பெருமையாகத்தான் வந்து சொன்னார்.

3. மூன்று வாரம் கழித்து

அந்த மூன்று வாரமும் அந்தோணி தினம் போன் செய்தார். "மேடம், இப்ப எறங்கியிருக்குமா?" என்பார். "ரத்தம் குடுக்காம எனக்கு எப்படிங்க தெரியும்? மெஷினுக்கு ஜோசியமா தெரியும்?" என்று கத்துவேன். ஒருநாள் போன் வரவில்லை. நானே கூப்பிட்டு, "என்ன, இன்னிக்குப் பேஜார் பண்ணலையா?" என்று கேட்டேன்.

அவள் வந்த அன்று, "முட்டிவலிக்காரியைக் குனிய வைக்கிறியே" என்று சலித்துக்கொண்டே நானே ரத்தம் எடுத்தேன். சீரம் பிரிந்து, மெஷினில் ஏறி, எண் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். டீ ஆறிப்போனது. சிகே இறங்கியிருந்தது. எல்டிஹெச் வழக்கமான அளவுக்குள் வந்திருந்தது. ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய் அந்தோணியிடம் பிரித்துக் காட்டினேன். தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் பிலோமினாவைப் பார்த்துச் சிரிக்க நினைத்து அழுதுவிட்டார். அவள்தான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்டிஹெச் போல ரத்தத்தில் தெரியும் மார்க்கர் ஒரு துப்பு மட்டுமே. ஊசியை எடுக்கும் முன்னால் ஆளைப் பாருங்கள். இந்த வாரம் என்ன செய்தீர்கள், எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்லும்படி கேளுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அந்தக் கொப்புளங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு கும்பல் புறப்படும் முன்னால் பிலோமினா லேபுக்கு வந்தாள். இந்த முறை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாதி வழி பஸ்ஸில், பாதி வழி நடை.

"ரத்தத்தைக் குடுத்துட்டு அப்புறம் நடக்கலாம்னு வந்துட்டேன்க்கா."

"பரவாயில்ல, தேறிட்டியே. அதான் போன வருஷமே வேண்டுதல் முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்கு?"

"என்னுது முடிஞ்சிடுச்சு. இது உங்களுக்கு. உங்க முட்டிவலி போகணும்னு."

ஊசியை எடுத்துவிட்டு, அவள் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்காக அதுவரை யாரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட நடந்ததில்லை.